தலை இருக்கு, பெட்டி எங்கே? பேஸ் அம்ப்ளிஃபயரின் மரச் சரித்திரம்

பழைய பேஸ் அம்ப்ளிஃபயர் விற்பனைக்கு வரும்போது அடிக்கடி ஒரு காட்சியைப் பார்க்கலாம். தகரத் தட்டு ஒன்று. அதில் இரண்டு பெரிய ட்ரான்ஸ்ஃபோமர், வரிசையாகக் கண்ணாடி வால்வுகள், முன்னால் எழுத்துத் தேய்ந்த குமிழ்கள். அவ்வளவுதான். சுற்றிவர மரம் இல்லை, கைபிடி இல்லை, கீழே வைக்கிற ஸ்பீக்கர்ப் பெட்டியும் இல்லை. விளம்பரத்தில் "தலை மட்டும், பெட்டி கிடையாது" எண்டு ஒரு வரி இருக்கும்.

1960களில் செய்த ஃபெண்டர் பேஸ்மன் தலைகள் பல இந்த நிலைமையில்தான் இண்டைக்கு எங்களிடம் வந்து சேருது. உள்ளே இருக்கிற மின்சுற்று அறுபது வருசம் கழிச்சும் வேலை செய்யும். கெட்டுப்போன கப்பாசிற்றரை மாற்றலாம், வால்வு மாற்றலாம். மரப்பெட்டி மழையில் நனைஞ்சு, வானில் அடிபட்டு, மூலை உடைஞ்சு, ஏதோ ஒரு நாள் குப்பைக்குப் போயிருக்கும். யாரும் பெரிசாக் கவலைப்பட்டிருக்க மாட்டினம். பெட்டி தானே.

இந்தக் கட்டுரை அந்த "தானே" பற்றியது. அப்படி அநாதையாக வந்த ஒரு தலைக்குப் புதுப் பெட்டி செய்யவேண்டி வந்தால், எதைச் செய்கிறோம் எண்டு தெரிஞ்சுகொண்டு செய்யவேணும். அதுக்கு முதலில் அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது எண்டு பார்க்கவேணும். பேஸ் எண்ட வாத்தியத்தின் சரித்திரத்தில் பாதி, தச்சுவேலையின் சரித்திரம்.

பெட்டியைத் தொலைத்த வாத்தியம்

1950க்கு முன் ஒரு நடன இசைக்குழுவில் கீழ்ச்சுருதி வாசித்தவர் டபுள் பேஸ் வைத்திருந்தார். ஆளைவிட உயரமான, உள்ளே வெறுமையான மரப் பெட்டி அது. தந்தி அதிரும், அந்த அதிர்வைப் பெட்டியும் அதற்குள் இருக்கும் காற்றும் வாங்கி மண்டபத்துக்குக் கொடுக்கும். பிரச்சினை, அது போதாது. பித்தளைக் கருவிகளும் ட்ரம்ஸும் சேர்ந்து முழங்கும்போது பேஸ்காரர் வியர்க்க வியர்க்க வாசிப்பார், பின்வரிசையில் ஒருத்தருக்கும் கேட்காது. பத்தாக்குறைக்கு அதைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரியவேணும்.

இதற்கு அமெரிக்காவில் இரண்டு பேர் இரண்டு திசையிலிருந்து விடை தேடினார்கள்.

ஒருவர் எவரெட் ஹல். அவரே பேஸ் வாசிப்பவர். டபுள் பேஸை நிலத்தில் ஊன்றி நிறுத்துகிற அடி முளைக்குள் ஒரு மைக்கைப் பொருத்தி, அதைப் பெட்டிக்குள்ளேயே நிற்க வைத்தார். ஆங்கிலத்தில் அந்த முளையைப் 'பெக்' என்பார்கள். அம்ப்ளிஃபை செய்யப்பட்ட பெக், சுருக்கமாக அம்பெக். பிறகு அதுவே அவருடைய நிறுவனத்தின் பெயரானது.

மற்றவர் கலிபோர்னியாவின் ஃபுலர்டன் நகரத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிக்கிறவர்கள் என்ன முறைப்பாடு சொல்கிறார்கள் எண்டு காதுகொடுத்துக் கேட்பார். 1951இல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் அந்தப் பெரிய பெட்டியை முழுதாகவே தூக்கி எறிந்தது. வெறுமையான உடம்புக்குப் பதிலாக ஒரு திண்மமான மரப்பலகை. கிற்றார் போலக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். விரல் வைக்கவேண்டிய இடத்தைக் காட்டக் கழுத்தில் உலோகக் கம்பிகள். சுருதி பிசகாது. 'பிரிசிஷன்' எண்ட பெயரும் அதனால்தான். லயனல் ஹம்ப்டனின் இசைக்குழுவில் வாசித்த மொங்க் மொன்ற்கொமரி போன்றவர்கள் ஆரம்பத்திலேயே இதை எடுத்து மேடையில் வாசித்தார்கள்.

ஆனால் பெட்டியை எறிந்தால் சத்தமும் போய்விடும். பிரிசிஷன் பேஸைக் கரண்ட் இல்லாமல் வாசித்துப் பாருங்கோ, பக்கத்தில் இருக்கிறவருக்கே சரியாகக் கேட்காது. ஆகவே தொலைத்த பெட்டியை வேறெங்காவது திரும்பச் செய்யவேண்டியிருந்தது. 1952இல் ஃபெண்டர் அதைச் செய்தார். பேஸ்மன் எண்ட அம்ப்ளிஃபயர். 26 வாட், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, எல்லாம் ஒரே மரப்பெட்டிக்குள். வாத்தியக்காரரின் கைக்குள் இருந்த பெட்டி அவருடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்றது. அண்டையிலிருந்து பேஸ் வாத்தியத்தின் உடம்பு இரண்டு துண்டு: ஒன்று கழுத்தில், மற்றது நிலத்தில்.

ஏன் பெட்டி வேணும்?

ஸ்பீக்கர் ஒன்றை மேசையில் வெறுமையாக வைத்துப் பேஸ் வாசித்தால் சத்தம் மெலிசாகத்தான் வரும். காரணம் எளிமையானது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று அமுங்கும். அதே கணத்தில் பின்பக்கக் காற்று இளகும். உயர்ந்த சுருதிகளில் இது பெரிய தொல்லையில்லை. ஆனால் பேஸின் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 தரம் அதிருது. அந்த அலையின் நீளம் எட்டு மீற்றருக்கும் மேல். அவ்வளவு நீளமான அலைக்கு 15 அங்குலக் கூம்பைச் சுற்றிப் பின்பக்கம் போவது ஒரு விசயமே இல்லை. முன்னால் தள்ளிய காற்று பின்னால் வழுக்கிப் போய் அங்கிருக்கும் பள்ளத்தை நிரப்பிவிடும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்.

பெட்டியின் முதல் வேலை இந்த இரண்டையும் பிரித்து வைப்பது. முழுவதும் மூடினால் உள்ளே இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி கூம்பைத் திரும்பத் தள்ளும். சத்தம் இறுக்கமாக இருக்கும். அளவாக ஒரு துளை விட்டால், வெறும் போத்தலின் வாயில் ஊதும்போது வருமே ஒரு ஊங்காரம், அதே விதத்தில் பெட்டிக் காற்று ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒத்து அதிர்ந்து கீழ்ச்சத்தத்தைக் கூட்டும். பெட்டியின் கொள்ளளவு, துளையின் பரப்பு, பலகையின் விறைப்பு எல்லாம் சேர்ந்துதான் நீங்கள் கேட்கிற பேஸ்.

இதைக் கணக்காகச் செய்யும் வழி ஃபெண்டர் காலத்தில் பெட்டி செய்தவர்களின் கையில் இருக்கவில்லை. அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் துளையுள்ள பெட்டிகளைப் பற்றி 1961இல் எழுதிய ஆய்வு, பத்து வருசம் கழித்து 1971இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்கத்தின் சஞ்சிகையில் மறுபடி வெளிவந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. அதைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மோல் விரித்து எழுதினார். இண்டைக்கு ஸ்பீக்கர் வாங்கும்போது கூடவே வரும் அட்டவணையில் இருக்கும் எண்களுக்கு இந்த இருவரின் பெயர்தான். அதற்கு முந்திய பெட்டிகள் பெரும்பாலும் செய்து பார்த்து, கேட்டுப் பார்த்து, உடைந்ததைத் திருத்திச் செய்தவை.

பேஸ்மனும் அப்படித்தான். தனியொரு 15 அங்குல ஸ்பீக்கரால் எல்லாச் சுமையையும் தாங்கமுடியவில்லை. 1950களின் நடுவில் ஃபெண்டர் அதை மாற்றி நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் வைத்தார். சுமை நாலாகப் பிரிந்தது. வேடிக்கை என்னவென்றால் பின்பக்கம் திறந்திருந்த அந்தப் பெட்டி ஆழமான பேஸுக்கு அவ்வளவு தோதுப்படவில்லை. கிற்றார்காரர்களுக்கோ அது தேனாக இனித்தது. பேஸுக்கெண்டு செய்த பெட்டி கிற்றார் உலகின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றாக மாறியது இப்பிடித்தான்.

இறக்குமதி இல்லாத இடத்தில்

இனிக் கடலைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போவோம். 1951 தொடங்கி 1959 வரை பிரித்தானியா அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்தது. போருக்குப் பிந்திய டொலர்த் தட்டுப்பாடு. அமெரிக்கப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் தெரியும். சத்தம் போடுகிற சாமான் கடையில் இல்லை. தடை நீங்கிய பிறகும் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறையின் பிள்ளைகளுக்கு இந்த நிலைமையை விரித்துச் சொல்லத் தேவையில்லை. இல்லாததைச் செய்துகொள்ளவேண்டியதுதான்.

லிவர்பூலில் பிக் த்ரீ எண்ட குழுவின் கிற்றார்காரர் ஏட்ரியன் பார்பர் அப்படிச் செய்தவர். 1960களின் தொடக்கத்தில் அவர் தன் குழுவுக்காகப் பெரிய ஸ்பீக்கர்ப் பெட்டிகளைச் செய்தார். ஊரில் அவற்றுக்கு வைத்த பெயர் 'சவப்பெட்டி'. பார்த்தால் அப்பிடித்தான் இருக்கும். சத்தம் அந்த நகரத்துக் குழுக்கள் எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அப்படி ஒன்றைப் பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னிக்கும் செய்து கொடுத்தார். அதை ஓட்டியது வீட்டில் இசைத்தட்டுக் கேட்பதற்காக உருவான குவாட் நிறுவனத்தின் அம்ப்ளிஃபயர். இந்தப் பார்பர் பிற்பாடு அமெரிக்காவுக்குப் போய் அட்லான்ரிக் நிறுவனத்தில் ஒலிப்பதிவு செய்தார். ஓல்மன் பிரதர்ஸின் 1969ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டைத் தயாரித்தவரும் அவரே.

கையால் செய்த சாமான் எல்லாம் நல்லா வந்தது எண்டு கதை கட்டத் தேவையில்லை. 1962 ஜூன் 6ஆம் திகதி பீற்றில்ஸ் முதன்முதலாக இலண்டன் ஈ.எம்.ஐ ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனபோது மக்கார்ட்னியின் பேஸ் அம்ப்ளிஃபயரிலிருந்து வந்த சத்தம் பதிவுக்கு உதவாது எண்டு அங்கிருந்த பொறியியலாளர்கள் முடிவெடுத்தார்கள். எதிரொலி அறையில் இருந்த ஒரு டனோய் ஸ்பீக்கரைக் கழற்றி வந்து, லீக் அம்ப்ளிஃபயர் ஒன்றோடு இணைத்து, அவசர அவசரமாக ஒரு பேஸ் அம்ப் உண்டாக்கினார்கள். கென் டவுன்செண்ட் ஈயம் உருக்கி ஒட்டினார். ஆக உலகத்தையே பிறகு கலக்கப்போகிற ஒரு குழுவின் முதல் ஈ.எம்.ஐ பதிவில் பேஸ் வந்தது, பிறத்தியானுடைய பெட்டிக்கூடாக.

அதே 1962இல் மேற்கு இலண்டன் ஹன்வெல்லில் ட்ரம்ஸ் ஆசிரியர் ஜிம் மார்ஷலின் கடை. அம்ப்ளிஃபயர் செய்ய வெளிக்கிட முன்னரே அவர் வீட்டுக் கராஜில் ஸ்பீக்கர்ப் பெட்டிகளைச் செய்து கொடுத்தவர். அவருடைய கடையில் திருத்துநராக இருந்த கென் பிரானும், வயது இருபதைக்கூட எட்டாத டட்லி கிரேவன் எண்ட இளைஞரும் சேர்ந்து ஒரு பேஸ்மனைத் திறந்து, சுற்றைப் பார்த்து, உள்நாட்டில் கிடைத்த பாகங்களைக்கொண்டு ஜே.டி.எம் 45ஐ உண்டாக்கினார்கள். சுற்றுக் கிட்டத்தட்ட ஃபெண்டரின் பிரதி. சத்தம் அப்படியே வரவில்லை. வால்வு வேறு, ட்ரான்ஸ்ஃபோமர் வேறு என்பதும் காரணம். ஆனால் பெரிய வித்தியாசம் பெட்டியில் இருந்தது. ஃபெண்டரில் நான்கு 10 அங்குலம், பின்பக்கம் திறப்பு. மார்ஷலில் நான்கு 12 அங்குல செலஸ்ரியன், பின்பக்கம் மூடல். ஒரே சுற்று, வேறு தச்சுவேலை. அமெரிக்கச் சத்தம் எண்டும் பிரித்தானியச் சத்தம் எண்டும் இண்டைக்கு நாங்கள் பிரித்துப் பேசுவதில் ஒரு நல்ல பங்கு இந்தப் பலகைகளுக்குச் சேரவேணும்.

தலையும் உடம்பும் பிரிந்த நாள்

1960 அளவில் இரண்டு நிறுவனங்களும் ஒரே கேள்வியோடு நின்றன. சக்தி கூடக் கூடப் பெட்டி பாரமாகுது, எப்படித் தூக்குவது?

ஃபெண்டர் இரண்டாக வெட்டினார். மின்சுற்று மேலே ஒரு சின்னப் பெட்டியில், ஸ்பீக்கர் கீழே மூடிய பெரிய பெட்டியில். மேலது தலை. இரண்டையும் கையால் திருகும் திருகாணிகள் சேர்த்துப் பிடிக்கும். 1961 தொடங்கிப் பேஸ்மனும் இந்த வடிவத்துக்கு மாறியது. முதலில் கீழ்ப்பெட்டியில் ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், பிறகு இரண்டு.

அம்பெக் வெட்ட மறுத்தது. அங்கு வேலை செய்த ஜெஸ் ஒலிவர் 1960இல் வடிவமைத்த பி-15 போர்ட்டஃப்ளெக்ஸில் தலை பெட்டியின் மூடியில் பூட்டப்பட்டிருக்கும். வாசிக்கும்போது மூடியைத் திருப்பினால் தலை மேலே நிமிர்ந்து நிற்கும். முடிந்ததும் திருப்பி மூடினால் வால்வுகள் எல்லாம் ஸ்பீக்கர்ப் பெட்டியின் வயிற்றுக்குள் பத்திரமாகப் போய்விடும். மோட்டவுன் பாட்டுகளின் பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் டெட்ரோயிட்டின் சிறிய மேடைகளில் பாவித்தது இதைத்தான்.

ஒரு தசாப்தம் போக முன்னம் மண்டபங்கள் விளையாட்டரங்குகளாகின. 1969இல் அம்பெக் 300 வாட் எஸ்.வி.டி தலையை வெளியிட்டது. அதற்குக் கீழே வைப்பதற்கு எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட மூடிய பெட்டிகள். ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருச அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு அவற்றைக் கொண்டுபோனார்கள்.

பிரித்ததால் வந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. ஒன்றாக இருந்தவரை இரண்டும் ஒன்றாகவே வாழ்ந்தன. பிரிந்த பிறகு ஸ்பீக்கர் எரிஞ்சால் பெட்டியோடு தள்ளிவிட்டு வேறொன்று வாங்கலாம். முன்பலகைக்கு மரத்தூளை ஒட்டி அமுக்கிய மலிவுப் பலகை வந்தபோது பெட்டிகளின் ஆயுளும் குறைந்தது; ஈரம் பட்டால் அது ஊறி உதிரும். தலை மட்டும் கை மாறிக் கை மாறிப் போனது. பிறகு அந்தத் தலையின் சொந்தப் பெட்டியும் உடைந்தபோது தகரத் தட்டு மட்டும் மிச்சம்.

தகரம் சொல்லும் அளவு

சரி, அந்தத் தட்டு இப்ப உங்களிடம் இருக்கு எண்டு வைப்போம். காணாமல்போன பெட்டியின் வரைபடம் ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. பெரும்பகுதி தகரத்திலேயே எழுதியிருக்கு. தட்டின் நீளம் உள் அகலத்தைச் சொல்லும். குமிழ்ப் பட்டியின் உயரமும் சாய்வும் முன்பக்கத் திறப்பைச் சொல்லும். திருகாணித் துளைகள் அது எங்கே தொங்கியது எண்டு சொல்லும்.

ஓம், தொங்கியது. அந்தக் காலத்துப் பேஸ்மன் தலையில் சேசிஸ் நிலத்தில் இருக்காது; மேற்பலகையிலிருந்து தலைகீழாகத் தொங்கும். வால்வுகள் வௌவால் மாதிரி கீழ்நோக்கி. ட்ரான்ஸ்ஃபோமர்களின் பாரம் முழுவதும் அந்த ஒரு பலகையில். ஆகவே மூலைகளை வெறும் ஆணியடித்துச் சேர்த்தால் ஒரு நாள் கைபிடியைத் தூக்கும்போது மூடி மட்டும் கையோடு வரும். ஃபெண்டரின் பெட்டிகளில் இரு பலகைகளின் ஓரத்தையும் பல் பல்லாக வெட்டி, இரண்டு கை விரல்களைக் கோத்தது போலச் சேர்த்துப் பசை வைத்திருப்பார்கள். ஒட்டும் பரப்பு பலமடங்கு கூடுது. அறுபது வருசம் தாண்டியும் பிரியாமல் இருக்கிற பெட்டிகள் அந்தப் பொருத்தால் பிரியாமல் இருக்கிறவை.

மரம் ஏறத்தாழ முக்கால் அங்குலப் பைன் பலகை. விலை உயர்ந்த மரம் எண்டு தேர்ந்தெடுத்ததில்லை. கலிபோர்னியாவில் மலிவாகக் கிடைத்தது, பாரம் குறைவு. எங்கட ஆட்கள் 'நல்ல மரம்' எண்டால் முதிரையும் பாலையும் தேக்கும்தான் யோசிப்பினம். முதிரையில் செய்தால் பெட்டி நூறு வருசம் இருக்கும், ஆனால் மேடைக்கு ஏற்ற நாலு பேர் வேணும். பைன் கிடைக்காவிட்டால் நல்ல ப்ளைவூட் போதும். தூள் அமுக்கிய பலகையை மட்டும் தவிருங்கோ; பாரமும் கூட, திருகாணியும் நிற்காது.

இனி ஒரு சின்ன விசயம். இதைத் தவறவிட்டால் எல்லாம் கெடும். தொங்குகிற சேசிஸின் திறந்த பக்கம் மேற்பலகையைப் பார்த்திருக்கும். தகரம் ஐந்து பக்கத்தைத்தான் மூடுது. ஆறாவது பக்கத்தை மூடுவதற்காகப் பழைய பெட்டியின் கூரையின் உட்பக்கம் ஒரு அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும்; சேசிஸ் அதோடு முட்டி நிற்கும். வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் உள்ளே போகாமல் அது தடுக்கும். அழகாகப் புதுப் பெட்டி செய்து, பளபளப்பாக ரெக்சின் ஒட்டி, இந்தத் தாளை மறந்தால் "ம்ம்ம்..." எண்டு ஒரு இரைச்சல் கூடவே வரும். திருத்துகிறவர் வால்வை மாற்றுவார், கப்பாசிற்றரை மாற்றுவார், போகாது. பெட்டியும் மின்சுற்றின் ஒரு பாகம் எண்டு அப்பதான் விளங்கும்.

வால்வுகள் சூடாகும். அவற்றுக்கும் பலகைக்கும் இடையில் தாராளமாக இடம் விட்டு, பின்பலகையில் காற்றுப் போகத் திறப்பு வையுங்கோ.

கீழே வைக்கும் ஸ்பீக்கர்ப் பெட்டியையும் செய்கிறீர்கள் எண்டால் தீல், ஸ்மோல் இருவரின் கணக்கு இப்ப உங்கள் பக்கம் இருக்கு. பழைய பெட்டியின் அளவை அப்படியே பிரதி எடுப்பதைவிட, நீங்கள் வாங்கும் புது ஸ்பீக்கரின் எண்களுக்கு ஏற்ற கொள்ளளவைக் கணக்கிடுவது புத்திசாலித்தனம். பழைய பெட்டி பழைய ஸ்பீக்கருக்குச் செய்தது. மூடிய பெட்டி எண்டால் காற்று ஒரு இடத்தாலும் கசியக்கூடாது. பெரிய பலகை அதிராமல் இருக்க உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் வையுங்கோ. அந்தக் காலத்துப் பேஸ்மன் தலை 4 ஓம் சுமையை எதிர்பார்க்கும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் அது வரும்.

உயிர் சம்பந்தப்பட்ட விசயங்களையும் சொல்லவேணும். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கப்பாசிற்றர்களில் நூற்றுக்கணக்கான வோல்ற் தங்கியிருக்கும். அளவெடுக்கக் கையை விட முன்னம், தெரிஞ்ச ஒருவரைக்கொண்டு அதை இறக்குங்கோ. அமெரிக்காவில் விற்பதற்கெண்டு செய்த தலை அந்த நாட்டு மின்னழுத்தத்துக்கானது. எங்கட 230 வோல்ற்றில் நேரே குத்தினால் அதோடு முடிஞ்சுது, இறக்கு ட்ரான்ஸ்ஃபோமர் வேணும். பழைய இரண்டு ஊசிப் பிளக் இருந்தால் மூன்று ஊசியாக்கிப் புவி இணைப்புக் கொடுக்கவேணும். அசல்தன்மை எண்டு சொல்லி அதை அப்படியே விடுவது பைத்தியக்காரத்தனம். மேடையில் மைக்கைத் தொட்ட உதட்டால் கரண்ட் பாயும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வுத் தலையை ஓட்டக்கூடாது என்பதையும் மறக்கவேண்டாம். வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபோமர் எரியும்.

யாருடைய பெயர்?

புதுப் பெட்டிக்கு எந்த முகம் கொடுப்பது என்பதுதான் கடைசிக் கேள்வி. அசலைப் போலவே அதே நிற ரெக்சின், அதே வெள்ளிநூல் துணி, மூலையில் அதே பெயர்ப்பலகை வைக்கலாம். அதில் தப்பில்லை. சிலர் அதையும் தாண்டிப் போகினம். தேயிலைச் சாயம் பூசி, மூலையைத் தேய்த்து, அறுபது வருசம் உழைத்த பெட்டி போலாக்கி, பிறகு அசல் எண்டு விலை பேசுகிற வழக்கமும் உலகத்தில் இருக்கு. அது வாங்குகிறவரை ஏமாற்றுவது மட்டுமில்லை. நாளைக்கு ஒருவர் அந்தப் பெட்டியைப் பார்த்து "1964இல் இப்படித்தான் செய்தார்கள்" எண்டு எழுதுவார். பொய்ச்சாட்சி ஒன்றைச் சரித்திரத்துக்குள் விட்டாச்சு.

ஃபெண்டர் அம்ப்ளிஃபயர்களின் சேசிஸுக்குள் பார்த்தால் சிலவேளை ஒரு துண்டு ஒட்டுநாடா இருக்கும். அதில் பேனையால் ஒரு முதற்பெயர். அனேகமாக ஒரு பெண்ணின் பெயர். அந்தத் தொழிற்சாலையில் வயர்களை ஒவ்வொன்றாக ஈயம் உருக்கி ஒட்டிய பெண்களில் பலர் மெக்சிக்கோ வழி அமெரிக்கர்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் முதலாளியுடையது. உள்ளே ஒட்டுநாடாவில் இருப்பது செய்த கை. சேகரிப்பவர்கள் அந்த நாடாவை இண்டைக்குப் பொக்கிஷமாகக் கொண்டாடினம்.

பெட்டியைச் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்த நாடாவும் இல்லை. பலகையில் பல் வெட்டியவர், பசை பூசியவர், ரெக்சினை மூலையில் சுருக்கம் விழாமல் மடித்தவர் யார் எண்டு எங்களுக்குத் தெரியாது. அவர்களின் வேலை உடைந்து குப்பைக்குப் போனபோது அவர்கள் இருந்ததற்கான கடைசி அடையாளமும் சேர்ந்து போனது. தட்டையும் வால்வையும் காப்பாற்றி மரத்தை எறிந்தவர்கள், எந்த வேலை நினைவில் இருக்கவேணும், எது இருக்கத் தேவையில்லை எண்டு தெரியாமலே ஒரு தீர்ப்புச் சொல்லிப்போட்டினம்.

ஆகவே ஒரு தலைக்குப் புதுப் பெட்டி செய்கிறவர்களிடம் ஒரே வேண்டுகோள். வெளியில் எப்படியும் அலங்கரியுங்கோ. மூடி பூட்ட முன்னம், அலுமினியத் தாளுக்குப் பக்கத்தில், வெறும் மரத்தில் பென்சிலால் எழுதுங்கோ: என்ன மரம், எந்த ஊர், எந்த வருசம், செய்தவர் பெயர். பலகை அறுத்துத் தந்த மரக்காலை அண்ணையின் பெயரையும், மூலை வெட்டித் தந்த தச்சரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கோ. அறுபது வருசம் கழித்து இந்தப் பெட்டியும் உடையும். அதைத் திறக்கிறவர் இது அசல் இல்லை எண்டு உடனே அறிவார். யார் செய்தது எண்டும் அறிவார்.